டைமண்ட் ஒன்பது

என் மனைவியின் கண்ணை டாக்டர் இருபது நிமிஷத்தில் சரி செய்தார். அவளுடைய கணினியின் கண்ணை நான் பத்தே நிமிஷத்தில் கெடுத்தேன். வேகம் என்று பார்த்தால் ஜெயித்தது நான்தான்.

என்னைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தராசும் என் முன்னால் பொய் சொல்லிவிட்டுப் போனதில்லை. என் மனைவியின் சொந்தத் தாய்மாமா கடையில் ஐம்பது கிராம் குறைந்த எடைக்கல் ஒன்றைக் கண்டுபிடித்து வழக்குப் போட்டேன். ஆறு வருஷம் அந்தப் பக்கத்துச் சொந்தம் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

"ஒரு அம்பது கிராமுக்குக் கண்ணை மூடிக்கிட்டா குடியா முழுகிடும்?" என்று அவள் அன்றைக்குக் கேட்டாள்.

"கண்ணை மூடறதுக்கா என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் குணத்தால்தான் கண் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பரிசோதனைக்குப் போன அன்று அங்கிருந்த எடை மெஷின் நானூறு கிராம் கூடக் காட்டுகிறது என்று ஒரு நர்சிடம் சொன்னேன். நல்லதனமாகத்தான் சொன்னேன். "அப்பா, நீங்க வீட்டுலயே இருங்க. அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. மறுநாள் காலை கட்டைப் பிரித்து மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது கணினிக்கு வருகிறேன். வயது பதினாலு. உட்கார்ந்த இடத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். என் மனைவி அதில் செய்கிற ஒரே வேலை, தனியாக ஆடும் சீட்டாட்டம். கண்ணில் புரை விழுந்த இந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இதய வடிவ ஆட்டினுக்கும் டைமண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே அவளுக்குச் சிவப்புக் கறைதான். தப்பான சீட்டை எடுத்து வைத்தால் கணினி ஏற்காது. சீட்டு வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

பதினொரு நாளைக்கு முன்னால் அதிசயம் நடந்தது. ஆட்டம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. அஞ்சாவது வரிசைக் கடைசியில நிக்குதே சிவப்பு ஒம்பது, அது டைமண்ட். அதைத் தூக்கி மேல இருக்கற எட்டு மேல வெச்சா மீதியெல்லாம் தானா ஏறிடும்."

"அப்ப வையேன்."

"வைக்க மாட்டேன். புதுக் கண்ணாலதான் வைப்பேன். கண்ணு நல்லபடியா வரும்னா இந்தச் சீட்டும் போய் உக்காரும்."

எனக்குச் சகுனம், குறி எல்லாம் ஆகாது. ஆனால் அவள் அதைச் சொல்லிவிட்டு மௌஸைக் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்ததைப் பார்த்தேன். அவளுடைய அம்மாவுக்கு இதே சிகிச்சை சரியாகாமல் போனது எனக்கும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நிறுத்தினால் ஆட்டம் அழிந்துபோகும் என்பதால் கணினி பதினொரு நாளாக ஓடிக்கொண்டே இருந்தது. திரையை மட்டும் அணைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனாள். "அதை மட்டும் தொடாதீங்க" என்று வண்டியில் ஏறும்போதும் சொன்னாள்.

நான் தொட்டேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவள் வரப்போகிற அன்று காலை எட்டு மணிக்குத் துண்டை விலக்கித் திரையைப் போட்டுப் பார்த்தால் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. புதுக் கண்ணோடு வருகிறவளுக்குப் பழைய படத்தையா காட்டுவது என்று தோன்றியது. மௌஸாலேயே அங்கும் இங்கும் அழுத்தி இணையத்தில் தேடினேன். கணினிக்கும் திரைக்கும் நடுவில் நின்று படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு சின்னச் சமாசாரம் இருக்கிறது. டிரைவர் என்று பெயர். புது டிரைவர் போட்டால் தெளிவு இரட்டிப்பாகும் என்று ஒருவன் அங்கே எழுதியிருந்தான். யார் அவன், எங்கே இருக்கிறான், அவனுக்கு முத்திரை குத்தியது யார்? கடைத்தெருவில் இப்படி ஒருவன் வந்திருந்தால் தராசையே பிடுங்கியிருப்பேன். அன்றைக்கு எதையும் கேட்காமல் அழுத்திவிட்டேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதைதான்.

நூறு சதவீதம் ஆனதும் திரை கண் சிமிட்டியது. மறுபடி வந்தபோது எல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. பின்னணியில் இருந்த என் மகளின் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குக் குடிபோயிருந்தது. எழுத்துகள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மௌஸை இடப்பக்கம் தள்ளினால் அம்பு வலப்பக்கம் ஓடியது. நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. கணினியை இப்போதே நிறுத்தித் துவக்கவா, ஆமாம், இல்லை. அதையும் தலையைச் சாய்த்து, எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

உடனே கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அவருக்கு ரீஸ்டார்ட்டு என்றுதான் பெயர். எந்த வியாதிக்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான். பதினொரு மணிக்கு வந்தார், திரையைப் பார்த்தார், "அட!" என்று ஒருமுறை ரசித்தார், நேராகச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சார், வலிக்குது சார். ஒரு ரீஸ்டார்ட் போட்டா—"

"அணைக்காம சரி பண்ணுங்க."

"எதுக்கு சார்?"

"என் வீட்டம்மா ஒரு சீட்டு பாக்கி வெச்சிருக்கா."

ரீஸ்டார்ட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் கை தளராததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வழி இருக்கிறதாம். உள்ளே ஐந்தாறு இடம் தாண்டிப் போனால், 'பழைய டிரைவருக்கே திரும்பு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் போதும். கீபோர்டில் போகலாம் என்றால், மூன்று வருஷம் முன்னால் என் மனைவி அதன்மேல் டீயைக் கொட்டிவிட்டாள். எஸ்கேப் கட்டையும் இன்னும் நாலு கட்டையும்தான் உயிரோடு இருக்கின்றன. வேறு கீபோர்டு மாட்டினால், பழைய உருண்டைச் சொருகி என்பதால், நிறுத்தித் துவக்காமல் கணினி அதைக் கண்டுகொள்ளாது. எஸ்கேப் அடித்ததில் அந்தப் பெட்டி போனது. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. விருந்தாளி மாதிரி மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தது.

அவர் மௌஸைப் பிடித்தார். மேலே போக நினைத்தால் மூலைக்குப் போனது. மௌஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். இப்போது இடம் வலம் சரியாக வந்தது, மேல் கீழ் மாறிவிட்டது.

"சார், இதைக் கண்ணாடியில பாத்தா நேரா தெரியும்" என்றார்.

வீட்டுக் கண்ணாடி அலமாரிக் கதவில் பதித்தது, கழற்ற முடியாது. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே சலூன். ஒரு கைக்கண்ணாடி இரவல் கேட்கலாம் என்று இறங்கினேன். முடிவெட்டுபவர் ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வலது கன்னம் முடிந்திருந்தது, இடது கன்னத்தில் நுரை நிறைந்திருந்தது.

"கண்ணாடி, கத்திரி, கத்தி மூணும் கைமாறக் கூடாதுங்க. அது எங்க தொழில் நியாயம்" என்றார் அவர். "வேணும்னா கண்ணாடியோட நானே வர்றேன்."

"அப்ப என் கன்னம்?" என்று கேட்டார் வக்கீல்.

"அஞ்சே நிமிஷம் சார்."

வக்கீலுக்கு அந்த ஐந்து நிமிஷத்தில் நம்பிக்கை இல்லை. கழுத்தில் கட்டிய துணியோடு அவரும் படியேறி வந்துவிட்டார். என் வீட்டு முன்னறையில் பாதி நுரையோடு ஒரு வக்கீல் உட்கார்ந்து டீ கேட்பார் என்று காலையில் எழுந்தபோது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை அப்படியே சொல்கிறேன். ரீஸ்டார்ட்டு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முடிவெட்டுபவர் அவர் முகத்துக்கு நேரே கைக்கண்ணாடியைப் பிடித்தார். கண்ணாடியில் எல்லாம் நேராகத் தெரிந்தது. மௌஸின் வயர் குட்டை என்பதால் ரீஸ்டார்ட்டு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் முறுக்கி மௌஸைப் பிடித்தார். முதுகு சொறிய எட்டாதவர் போல நெளிந்தார். முறுக்கின கைக்கு எது வலம் எது இடம் என்று அதற்கே தெரியவில்லை. அம்பு எங்கெங்கோ போய், கடைசியில் சீட்டாட்டத்துக்குள் நுழைந்து ஒரு ஜாக்கியைத் தூக்கிவிட்டது.

"விடாதீங்க!" என்று கத்தினேன்.

"விடவா, வேண்டாமா?" என்று அவரும் கத்தினார்.

"எந்த இடத்துல எடுத்தீங்களோ அங்கயே கொண்டு போய் வைங்க!" என்றார் வக்கீல். உருப்படியான யோசனை. ரீஸ்டார்ட்டு பதறிப்போய்க் கையை விட்டதில் ஜாக்கி தானாகவே வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்குப் போய் நின்றது. தவறை ஏற்காத அந்தக் கணினிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மணி பன்னிரண்டே கால். மகள் போன் செய்தாள். "அப்பா, கட்டு பிரிச்சாச்சு. கிளம்பிட்டோம். அரை மணி நேரத்துல வந்துடுவோம்" என்றாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சீட்டு போய் உட்கார்ந்தால்தான் கண்ணும் சரியாகும் என்று அந்த நேரத்தில் நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

"கொஞ்சம் எந்திரிங்க தம்பி" என்றார் முடிவெட்டுபவர்.

ரீஸ்டார்ட்டு எழுந்தார். முடிவெட்டுபவர் கண்ணாடியைத் தன் பையில் செருகிக்கொண்டு திரையைப் பார்த்து நேராகவே உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாது. ஆனா என் கடைக் கதவு கண்ணாடிக் கதவு. பேரை வெளிப்பக்கமா எழுதியிருக்கேன். இருபத்தஞ்சு வருஷமா உள்ள நின்னுக்கிட்டு அதைத் திருப்பித்தான் படிக்கிறேன். இதெல்லாம் எனக்கு நேர் எழுத்து. என் பின்மண்டையையும் ரெண்டு கண்ணாடி வெச்சு நானே வெட்டிக்கறேன். கையை அதும்பாட்டுக்கு விட்டுடணும், மூளையைக் கேக்கக் கூடாது. எங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க."

மௌஸைக் கத்திரியைப் பிடிப்பது போல இரண்டு விரலில் பிடித்தார். அம்பு நூல் பிடித்த மாதிரி போனது. நானும் ரீஸ்டார்ட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே ஒரு தொல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் காற்றில் இரண்டு முறை கத்திரியை 'சிக் சிக்' என்று அடிக்கிற பழக்கம் அவருக்கு. மௌஸிலும் அதையே செய்தார். ஒவ்வொரு 'சிக் சிக்'குக்கும் திரையில் ஏதாவது ஒன்று திறந்துகொண்டது. கணக்குப் போடும் பெட்டி மூன்று முறை திறந்தது. மகளின் கல்யாணப் போட்டோ திறந்தது.

"பொண்ணு அழகா இருக்கு" என்றார் வக்கீல்.

"அண்ணே, சும்மா சும்மா அழுத்தாதீங்கண்ணே!"

"வராது தம்பி. அதை நிறுத்தினா கை நின்னுடும்."

ஐந்தாறு இடம் தாண்டி அந்தப் பொத்தானுக்கு வந்து சேர்ந்தோம். அவர் ஒரு முறை அழுத்தி, பழக்கதோஷத்தில் மேலும் இரண்டு முறை அழுத்தினார். திரை இருண்டது.

ஒரு வினாடி, இரண்டு, மூன்று. வக்கீலின் நுரை வெடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அவள் தொடாதே என்று சொன்ன ஒரே ஒரு பொருள்.

நாலாவது வினாடியில் படம் வந்தது. மங்கலான, அழகான, பழைய படம். மகளின் மச்சம் இடது கன்னத்துக்குத் திரும்பியிருந்தது. ஓரத்தில் சீட்டாட்டம் அசையாமல் அப்படியே நின்றது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். என் தோள்பட்டையில் நுரை ஒட்டிக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது.

என் மனைவி பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். முன்னறையில் இத்தனை பேரா என்று மகள் முறைத்தாள். கண் எப்படி இருக்கிறது என்று இப்போதும் நான் கேட்கவில்லை.

"ஆட்டம் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"அப்படியே இருக்கு. வா, வந்து வை."

"அதெல்லாம் கூடாது" என்றாள் மகள். "ஒரு வாரத்துக்கு டிவி, போன், கம்ப்யூட்டர் எதையும் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கண்ணாடியையும் கழட்டக் கூடாது." சொல்லிவிட்டு மருந்துப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி எனக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி. நீங்க வைங்க. நான் கேட்டுக்கறேன்" என்றாள். "அஞ்சாவது வரிசை. டைமண்ட் ஒம்பது."

நான் மௌஸைப் பிடித்தேன். ஐந்தாவது வரிசைக் கடைசியில் சிவப்பு ஒன்பது. தூக்கி மேலே டைமண்ட் எட்டின்மேல் வைத்தேன். அது வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து நின்றது. இன்னொரு முறை வைத்தேன். மறுபடி வந்தது. குனிந்து பார்த்தேன்.

அது டைமண்ட் இல்லை. ஆட்டின். நெஞ்சு மாதிரி இருக்கும் ஒன்பது ஆட்டின். டைமண்ட் ஒன்பது எங்கேயோ அடியில் கவிழ்ந்து கிடந்தது. அதை வெளியே எடுக்க வழி கிடையாது. பதினொரு நாளாக நாங்கள் காவல் காத்தது செத்த ஆட்டம்.

முடிவெட்டுபவர் பார்த்துவிட்டார். வக்கீலும் பார்த்துவிட்டார். ரீஸ்டார்ட்டு வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"வெச்சீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். குரல் மெல்லிசாக இருந்தது.

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய்த் தராசுக்கும் நான் முத்திரை குத்தியதில்லை.

"வெச்சுட்டேன்" என்றேன்.

"உக்காந்துதா?"

"கச்சிதமா உக்காந்துடுச்சு. பத்து ஏறுது. ஜாக்கி. ராணி. ராஜா."

முடிவெட்டுபவர் எட்டி வந்து மௌஸில் 'சிக் சிக்' என்று இரண்டு சத்தம் கொடுத்தார்.

"கிளாவர் ஏறுது. இஸ்பேட் ஏறுது. எல்லாம் ஏறியாச்சு" என்றேன். கணினியில் அவள் ஜெயித்தால் என்ன நடக்கும் என்று பழைய ஞாபகத்தைத் துழாவினேன். "இப்ப விழுதும்மா. ராஜா ஒருத்தர் துள்ளிக் குதிச்சு விழறார். அவர் பின்னாலயே இன்னொருத்தர். திரை பூரா சீட்டு. எண்ண முடியல."

"நான் சாட்சி" என்றார் வக்கீல். "என் கண்ணாலயே பாத்தேன்மா."

"எந்த ராஜா முதல்ல விழுந்தார்?"

"இஸ்பேட்" என்றேன் யோசிக்காமல்.

அவள் சிரிப்பது கேட்டது. "சரி. போதும், அணைச்சிடுங்க. பதினொரு நாளா ஓடுது, பாவம்."

ரீஸ்டார்ட்டு தன் வாழ்நாளிலேயே அவ்வளவு மரியாதையாகச் சுவிட்சைத் தொட்டிருக்க மாட்டார். உறுமல் அடங்கியது. திரை கறுத்தது. அதில் என் முகம் தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால் அவள் முகமும் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி அவள் நெற்றியில் ஏறியிருந்தது. இரண்டு கண்ணும் திறந்து, நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

நான் திரும்பவில்லை. "எப்பத் தூக்கினே?" என்று திரையைப் பார்த்தே கேட்டேன்.

"நீங்க ரெண்டாவது தடவை வெச்சப்ப." அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "அந்த ஆட்டின் இங்க இருந்தே பளிச்சுனு தெரிஞ்சுதுங்க. வக்கீல் சாருக்கு இடது கன்னத்துல நுரை காயறதும் தெரியுது."

வக்கீல் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார். முடிவெட்டுபவரும் ரீஸ்டார்ட்டும் அவர் பின்னால் படியிறங்கினார்கள். நான் நாற்காலியோடு திரும்பினேன். தெரிகிறது, அவளுக்குத் தெரிகிறது. காலையிலிருந்து கேட்கப் பயந்த கேள்விக்கு அவளாகவே பதில் சொல்லிவிட்டாள்.

"எங்க மாமா கல்லு எத்தனை கிராம் குறைஞ்சுதுன்னு கேஸ் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"அம்பது."

"இன்னிக்கு எத்தனை?"

அவள் கையை நீட்டினாள். காற்றில் துழாவவில்லை, இருக்கிற இடம் பார்த்து நேராக வந்து என் தோள்பட்டையில் காய்ந்திருந்த நுரையைத் துடைத்துவிட்டது.

"நாளைக்குப் புது ஆட்டம் போடுங்க. நீங்க சீட்டைச் சொல்லுங்க, நான் கேட்டே ஆடறேன்" என்றாள். "ஆனா எடை சரியா இருக்கணும்."